நஞ்சறி வளையல்

அன்று காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் குமுதவல்லியின் நஞ்சறி வளையல் சிவந்தது.

போன மாதம் வளைகாப்பில் கண்ணாடி வளையல்களோடு சேர்த்து அரசாங்கம் மாட்டிவிட்ட வளையல் அது. வியர்வையைச் சோதித்து, உடம்பின் சுரப்புகளைக் குழப்பும் ரசாயனம் ரத்தத்தில் ஏறியிருந்தால் சிவக்கும். எங்கிருந்து ஏறியது என்று மட்டும் சொல்லாது. அதைக் கண்டுபிடித்து அகற்றுவது கர்ப்பிணியின் பொறுப்பாம்! பத்து முறை சிவந்தால் குழந்தையை வயிற்றிலிருந்து எடுத்து, கருப்பேழை என்ற இயந்திரத்தில் வைத்து வளர்ப்பார்கள். இது ஒன்பதாவது.

வீட்டில் இனித் தூக்கிப்போட ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் குடம், வாசனை சோப்பு, ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் எல்லாம் போயாயிற்று. பஸ் கண்டக்டரான கணவன் நாகலிங்கமும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். டிக்கெட் தாளின் பூச்சு அவன் விரலில் ஒட்டியிருக்குமாம். தினமும் தெருமுனை வரை வந்து கையசைத்துவிட்டுப் போகிறான்.

செவிலியர் ரெஜினா உள்ளே வந்ததும் குமுதா அழுதேவிட்டாள்.

"இன்னும் ஒரே தடவைதான் சிஸ்டர். பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்க."

ரெஜினா அறையைப் பார்த்தாள். ஒரு மண்பானை, ஒரு பாய். குமுதாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும் எடைக்கருவியில் ஏறச் சொன்னாள். ஒரே மாதத்தில் நாலு கிலோ குறைந்திருந்தது.

"என்னம்மா சாப்பிடுற?"

"மீன் சாப்பிட்டேன், சிவந்துச்சு, விட்டுட்டேன். அப்புறம் பாலை விட்டேன். அப்புறம் சோறு. இப்ப கஞ்சித் தண்ணிதான்."

ரெஜினா அவளை எடைக்கருவியிலிருந்து இறக்கிப் பாயில் உட்காரவைத்தாள்.

"அடிப்பாவி! சின்ன வயசுலேர்ந்து சேர்ந்த ரசாயனமெல்லாம் கொழுப்புல பேசாம கிடக்கும். பட்டினி கிடந்து கொழுப்பைக் கரைச்சா, அத்தனையும் ரத்தத்துக்கு வந்துடும். வளையலுக்குப் பயந்து நீ பட்டினி. நீ பட்டினி கிடக்கிறதாலதான் அது சிவக்குது!"

அவசரமாகத் தன் கைக்கணினியைத் திறந்து, 'அகற்ற வேண்டிய மூலம்' என்ற கட்டத்தில் 'வளையல்' என்று எழுதினாள். திரையில் உடனே பதில் வந்தது.

'வளையல் நஞ்சை வெளியிடாது. நிராகரிக்கப்பட்டது.'

'பட்டினி' என்று எழுதினாள்.

'பட்டினி ஒரு பொருள் அல்ல. நிராகரிக்கப்பட்டது.'

வளையல் பத்தாவது முறையாகச் சிவந்தது. கட்டம் தானாகவே நிரம்பியது. 'மூலம்: தாய். ஏற்கப்பட்டது. கருப்பேழை வண்டி புறப்பட்டுவிட்டது.'

ரெஜினா தலைமை அலுவலகத்தை அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

குமுதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி வர எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம்."

"சாப்பாடு வச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

ரெஜினா பையிலிருந்து மதியச் சாப்பாட்டை எடுத்தாள். பிளாஸ்டிக் டப்பா. கொடுக்கத் தயங்கி நின்றாள்.

குமுதா கையை நீட்டினாள். "பரவால்ல, குடுங்க. பிள்ளை பசியோட போக வேண்டாம்."