தூளித் துணி

நான்கு விரல் நீளம் வெளியே தெரியும்படி அடைத்துவிட்டுப் போன துணி, காலையில் இரண்டு விரல் நீளம்தான் வெளியே இருந்தது.

சேதுராமன் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தான். எஞ்சின் தலையில் பிளக் போடும் ஓட்டைக்குள் தூசி விழக்கூடாது என்று, வேலை முடிந்ததும் பழந்துணியைத் திருகி அடைத்து வைப்பது பட்டறைப் பழக்கம். வாலை நீளமாக விடவேண்டும்; இல்லாவிட்டால் துணி உள்ளே போய்விடும், பிறகு முழுசாகக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் லாரிப் பட்டறையில் கைகறுத்தவனுக்கு இது தெரியாதா? எலி இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். எலி வெளியேதான் இழுக்கும், உள்ளே தள்ளாது என்பது காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது. வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அந்தச் சனியனைப் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் கண்டெடுத்தான். சண்டைக் காலத்து மோட்டார் சைக்கிள். பக்கவாட்டில் ஆள் உட்காரும் தொட்டி. அதில் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிக்காகத்தான் அவன் அதை லாரியில் ஏற்றிக் காஜா பேராங் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படியை ஒட்டிய தகரச் சாய்ப்பில் நிறுத்தினான். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி கமலவேணிக்கு வலி எடுத்த அன்று, சாலையில் நின்று வருகிற போகிற மோட்டார் காடிக்கெல்லாம் கையாட்டினான். ஒரு டெக்சியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை நீலம் பாரித்திருந்தது. இப்போது அவளுக்கு மறுபடி நிறைமாதம். இந்த முறை எவன் காடிக்கும் அவன் காத்து நிற்கப்போவதில்லை.

ஆனால் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பிஸ்டனில் மாட்டும்போதே வளையம் உடைந்தது. வேறு வளையம் வந்தது, வால்வு ஒட்டவில்லை. வால்வைத் தேய்த்து உட்கார வைத்தான், எண்ணெய் ஒழுகியது. பகலெல்லாம் பட்டறையில் அடுத்தவன் லாரி, பொழுது சாய்ந்தால் இது. தூக்கத்தில்கூட அவன் கைகள் எதையோ திருகுவதாக வேணி சொன்னாள். முதுகு வலித்தது. மனசு அதைவிட வலித்தது. யார் மேல் என்று தெரியாத கோபமும் இருந்தது.

ஒரு மாலை எஞ்சின் திருப்பி உதைத்தது. தீப்பொறி முந்திவிட்டால் அப்படித்தான், கிளப்ப மிதித்த கட்டை மேலேறிக் காலைப் பதம் பார்க்கும். முழங்காலுக்குக் கீழே வீங்கிப்போய் நொண்டிக்கொண்டு வந்தான்.

"வண்டி ஒதைச்சிருச்சு வேணி."

"உங்கள மட்டுமா? இங்கயும் உள்ளாரருந்து ஒரே ஒதை லா," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் ஒரே நேரத்துல."

அவனும் சிரித்தான். மறுநாள் தீப்பொறியைச் சரிசெய்தான். எஞ்சின் அடங்கிவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போது வேணி, இன்றைக்கு அசைவு கொஞ்சம் குறைச்சல் என்றாள். அலுப்பில் அவன் காதில் அது சரியாக விழவில்லை. வாரக் கடைசியில் எஞ்சின் மறுபடி பழுதானது. பிள்ளை விடிய விடிய உதைத்தது. எஞ்சினைச் சரிசெய்தான், பிள்ளை ஓய்ந்துவிட்டது. மூன்றாவது முறையும் அப்படியே நடந்தபோதுதான் அவனுக்குள் ஏதோ சில்லிட்டது. யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்துச் செட்டி வீட்டுப் பத்மினி, வேணிக்காகப் பலகாரம் கொண்டுவந்தாள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன குடும்பம்; வீட்டுப் பேச்சு மலாய்தான், நடுநடுவே தமிழ்ச் சொல் தலைகாட்டும். ஓட்டையில் செருகியிருந்த துணியைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"ஜாங்கான் லா, தம்பி. பந்தாங்."

கூடாது, விலக்கு என்கிறாள். பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் எந்த ஓட்டையையும் அடைக்கக்கூடாதாம்.

"அடைக்கலன்னா தூசி போயி பிஸ்டன் தேஞ்சிரும் அக்கா," என்றான் அவன்.

பேச்சுச் சத்தம் கேட்டு வந்த வேணியும் துணியைப் பார்த்தாள். நீலத்தில் மஞ்சள் கரை. அவள் முகம் மாறியது.

"இத எங்கருந்து எடுத்தீங்க?"

"பெட்டிக்கு அடியில. பழசுதானே, நூல் உதிராம இருக்குமேன்னு ஒரு துண்டு கிழிச்சேன்…"

"தூளிக்கு வச்சிருந்ததுங்க. மொதப் புள்ளைக்கு."

இரண்டு வருடத்துக்கு முன் உத்தரத்தில் கட்டி, யாரும் படுக்காமலே அவிழ்த்த சேலை. அவள் அழவில்லை. உள்ளே போய்விட்டாள். அவனுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. துணியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. எங்கும் சிக்கிய மாதிரி இல்லை, யாரோ மிருதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கையை விட்டான். நாளைக்குப் பார்ப்போம் என்று விளக்கை அணைத்தான்.

மறுநாள் ஆகஸ்ட் முப்பத்தொன்று. மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் நாள். காலையிலேயே தெருவில் இருந்த காடி, சைக்கிள், மாட்டுவண்டி எல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு திடலுக்குப் போய்விட்டன. பத்மினி வீட்டிலும் பூட்டு. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் விழுந்த மழையின் இரைச்சலும், நனைந்த மண்ணின் வாசனையும், பெட்ரோல் நெடியும், அவற்றுக்கு நடுவே இன்னதென்று சொல்லமுடியாத பால் கவிச்சியும் சாய்ப்புக்குள் கலந்து நின்றன. எஞ்சினில் எல்லாப் பாகமும் பூட்டி முடித்தாயிற்று. பெட்ரோலும் ஊற்றியாயிற்று. பிளக் ஒன்றுதான் பாக்கி.

துணியை எடுக்கக் குனிந்தான். வால் இல்லை. முழுத்துணியும் உள்ளே போய்விட்டிருந்தது.

திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தான். ஓடும் எஞ்சினில் எது தட்டுகிறது என்று கண்டுபிடிக்கப் பட்டறையில் இப்படித்தான் கேட்பார்கள். இது ஓடாத எஞ்சின். குளிர்ந்து கிடந்த இரும்பு.

தட்டியது.

மெல்ல. விடாமல். அவன் நெஞ்சு ஒருமுறை அடிப்பதற்குள் இரண்டுமுறை. இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். போன மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி, வேணியின் வயிற்றில் மரக்குழலை வைத்து, "நீங்களும் கேளுங்க," என்றபோது கேட்ட அதே சத்தம்.

"என்னங்க…"

வேணி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை.

"பனிக்குடம் ஒடைஞ்சிருச்சுங்க. போலாங்க."

அவளைத் தூக்கித் தொட்டியில் உட்கார வைத்தான்.

"வேணி, உள்ள ஒதைக்குதா?"

"காலையிலருந்து ஒரு ஒதைகூட இல்லீங்க."

அவள் வயிற்றில் காதை வைத்தான். மழைச் சத்தம். அவள் மூச்சு. வேறு ஒன்றுமில்லை. நகர்த்தி வைத்தான். அழுத்தி வைத்தான். ஒன்றுமில்லை.

சாலைக்கு ஓடினான். இரண்டு பக்கமும் பார்த்தான். கொடிகள் நனைந்து தொங்கின. ஒரு காடி இல்லை. ஓர் ஆள் இல்லை. தொண்டை கிழியக் கத்தினான். திரும்பி வந்தான்.

பிளக் அவன் கையில் இருந்தது. அதைப் போட்டு மிதித்தால் ஆஸ்பத்திரி. மிதித்தால், அந்தச் சத்தம் தட்டும் இடத்தில் நெருப்பு.

"ஒதைங்களேன்," என்று அவள் அலறினாள். "அந்தப் புள்ள மாதிரி இதையும் விட்றாதீங்க!"

காலைத் தூக்கிக் கட்டையின் மேல் வைத்தான். மிதிக்கவில்லை. பிளக் இன்னும் கையில்தான். ஓட்டை திறந்துதான் கிடந்தது. தீப்பொறி இல்லாமல் திருப்பி உதைக்க அதில் ஒன்றுமே இல்லை.

உள்ளங்காலுக்குக் கீழே கட்டை மெல்ல அசைந்தது. நின்றது. பிறகு, வேணியின் வயிற்றில் அவன் கைவைக்கும்போதெல்லாம் வருமே, அதேபோல, உள்ளேயிருந்து ஒரு சின்ன உதை.

இன்னொன்று.