கரையில் வைத்த விளக்கு

பூட்டிய பெட்டிக்குள் வெளிச்சம் தெரிந்தது.

அரியலூர் ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரி கிளப்பிய தூசியைத் தின்றுகொண்டே வேனை ஓட்டிவந்த தமிழழகன், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தபோதுதான் கவனித்தான். அவன் கையாலேயே அணைத்து, அடுக்கி, மூடி, கொக்கி போட்ட பெரிய கறுப்புப் பெட்டியின் இடுக்கில் நூல் கனத்துக்கு ஒரு நீலக்கோடு. போனைத் தட்டிப் பார்த்தான். எல்லா விளக்கும் அணைந்திருக்கிறது என்றது போன். “ரோடா போட்டு வச்சிருக்கானுவ, களவாணிப் பயலுவ. இந்தக் குலுக்கல்ல சுவிட்ச் தானா அமுங்காம என்ன பண்ணும்?” என்று ரோடு போட்டவனைத் திட்டிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

யாரையாவது திட்டினால்தான் தமிழழகனுக்கு மனசு ஆறும். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஆட்கள். ஒயர் இழுத்துப் பிழைக்கிற முட்டாள்கள் ஒரு வகை, ஒயரே இல்லாமல் பிழைக்கிற கெட்டிக்காரன் இன்னொரு வகை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவிலும் சேர்த்து அந்த இரண்டாவது வகையில் தான் ஒருத்தன்தான் என்று மகாராசனுக்கு நினைப்பு. அவனிடம் இருப்பதெல்லாம் பேட்டரி விளக்குகள். சின்னச் சோற்றுச்சட்டி அளவில் கறுப்பாக இருக்கும். பந்தல்காலுக்கு ஒன்று, வாழைமரத்துக்கு ஒன்று, மேடைக்கடியில் சில என்று வைத்துவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போனைத் தொட்டால் பந்தல் மஞ்சளாகும், பச்சையாகும், பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது ரோஸாகும். ஜெனரேட்டர் வேண்டாம், ஏணி வேண்டாம், கூட ஓர் ஆள்கூட வேண்டாம். நேற்று பூலாம்பாடியில் ஒரு காதுகுத்தை முடித்துவிட்டு, சார்ஜ்கூடப் போடாமல் இன்று சுக்கான்பட்டிப் பெண் அழைப்புக்குப் போயிருந்தான். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு விசேஷம் தாங்கும் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்ள வேண்டுமே.

சுக்கான்பட்டி அரியலூரைத் தாண்டி இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழி. தோண்டினவன் தோண்டி முடித்துவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது அதில் பனை ஆழத்துக்குத் தண்ணீர், பச்சையாக, அசையாமல் கிடக்கிறது. சாயங்காலம் தமிழழகன் விளக்குகளை வைத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஊர் ஜெனரேட்டர்காரர் பிச்சைமுத்து கையில் ஓர் அரிக்கேன் விளக்கோடு வந்து நின்றார்.

“தம்பி, இந்த ஊர்ல விசேசம்னா குழிக்கரையில ஒரு வெளக்கு வைக்கிறது வழக்கங்க. இது சிம்னி ஒடஞ்சு போச்சு. ஒங்க லைட்டு ஒண்ணு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்.”

“குழிக்கு எதுக்குய்யா லைட்டு? தவளைக்குக் கல்யாணமா?”

பிச்சைமுத்து சிரிக்கவில்லை. “எங்கப்பன் காலத்துல, ராவேலைக்கு ஆளுங்கள உள்ள எறக்கிவுட்டுட்டு, மண்ணெண்ண வீணாவுதுன்னு மேல இருந்த வெளக்க மேஸ்திரி எடுத்துட்டுப் போயிட்டான். அன்னிக்குன்னு பாத்து பேய்மழ. தண்ணி எறங்குது, இருட்டுல ஏறுற வழி தெரியல அதுங்களுக்கு. வெளிச்சத்தக் கண்டா இன்னிக்கும் ஏறி வரும்ங்க. கரையில ஒரு வெளக்கு இருந்தா அதோட நின்னுக்கும், பந்தலுக்கு வராது.”

“வந்தா என்ன, ஆளுக்கொரு எல போட்டுற வேண்டியதுதான.”

“வச்ச வெளக்க மட்டும் எடுக்கக் கூடாதுங்க தம்பி. அது தானா அணையணும். அணைஞ்சதும் அதுங்க பாட்டுக்கு எறங்கிடும்.”

தமிழழகன் வாயைப் பொத்திக்கொண்டு சரி சரி என்று தலையாட்டினான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, கரையிலிருந்த காய்ந்த பாறை ஒன்றின் மேல் ஒரு விளக்கை நீலத்தில் எரியவிட்டு வந்தான். விசேஷம் முடிந்து எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கியபோது அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். “செத்தவனுக்கு மொய் வைக்க நான் என்ன தாய்மாமனா?” என்று யாரும் இல்லாத கரையில் நின்று சத்தமாகவே கேட்டான். காற்று இல்லை. தவளைச் சத்தமும் நின்றிருந்தது. புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் அடிக்குமே, அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை மட்டும் மூக்கில் ஏறியது. விளக்கின் அடியில் வெள்ளைச் சேறு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. பாறை காய்ந்துதான் கிடந்தது. கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

இப்போது வேனுக்குள்ளும் அதே வாசனை. ஜன்னலை இறக்கிவிட்டான், போகவில்லை. ஏசி போடாத வண்டியின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் வேர்த்துப்போய், எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கலங்கலாகப் பரவியது. சின்ன மேட்டுக்குக்கூட வண்டி முக்கி முனகியது. பெட்டியும் ஸ்டாண்டும் தவிர எதுவும் ஏற்றாத வண்டி, ஆள் அடைத்த ஷேர் ஆட்டோ மாதிரி இழுத்தது. டீசலில் என்னத்தையோ கலக்கிவிட்டான் என்று பங்க்காரனைத் திட்டினான். இந்த முறை திட்டியும் மனசு ஆறவில்லை. பின்பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவன் தெரு முழுக்க இருட்டாகக் கிடந்தது. கரண்ட் இல்லை. வாசலுக்கு வருவதற்குள்ளேயே மகள் முத்தமிழ் வீரிட்டு அழுவது கேட்டது. ஐந்து வயசு. இருட்டென்றால் அவளுக்கு உயிர் போய்விடும். தினமும் படுக்கும்போது சின்ன பல்பு எரிய வேண்டும். தினமும் தமிழழகன் போய் அதை அணைப்பான், தைரியம் வர வேண்டுமாம். அவன் சுவிட்சில் கை வைக்கும்போதெல்லாம் குழந்தை படுத்தபடியே ஒரு கையைத் தூக்கி, “அணைக்காதப்பா” என்று சொல்லும். அதற்கும் அவன் சிரிப்பான்.

“இன்வெர்ட்டருக்கு பேட்டரி மாத்துங்க மாத்துங்கன்னு எத்தினி நாளாச் சொல்றேன்,” என்றாள் மனைவி வெற்றிச்செல்வி, கையில் மெழுகுவத்தியோடு. “ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுறீங்க. பெத்த புள்ள இருட்டுல கெடக்குது.”

“பயந்தாங்கொள்ளியாப் பெத்து வச்சிட்டுப் பேச்சப் பாரு.”

சொல்லிவிட்டானே தவிர, தன் சாமர்த்தியத்தைக் காட்ட இதைவிட வாய்ப்பு ஏது? வேனைத் திறந்து, பெட்டியில் மேலாக இருந்த ஒரு விளக்கை எடுத்துவந்து மகளின் கட்டில் காலடியில் தரையில் வைத்தான். அவள் கேட்டபடி போனைத் தொட்டு ரோஸ் வைத்தான். அறை முழுக்க ரோஸ் நிறம் பரவியது. அழுகை பட்டென்று நின்றது. பார்த்தாயா என்கிற மாதிரி மனைவியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

முதல் தோசையைப் பிய்க்கும்போது போன் அடித்தது.

“தம்பி, பிச்சைமுத்து பேசறேங்க. கரையில வெளக்கக் காணுமே?”

“எடுத்தாந்துட்டேன். இப்ப என்னாங்குறீங்க?”

“எரியுதா அது?”

“வேன்ல கெடக்கு. ஏன்?”

“அணையறதுக்குள்ள கொண்டாந்து வச்சிருங்க சாமி. அது அணையற எடத்துலேர்ந்துதான் அதுங்க எறங்கும். பக்கத்துல யாரு இருந்தாலும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிரும்.”

“யோவ், குடிச்சிட்டுப் பேசாத. போயிப் படு,” என்று வைத்துவிட்டான்.

உள்ளே முத்தமிழ் சிரிக்கும் சத்தம் கேட்டது. தனியாகச் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. யாரோ ஏதோ சொல்ல, அதைக் கேட்டுவிட்டு, மறுபடி சொல் என்று கெஞ்சுகிற சிரிப்பு. அடுப்படியில் தோசைக்கல் சுர்ரென்றது. மனைவி அங்கே இருக்கிறாள். அப்படியானால் உள்ளே யார்? சாப்பிட்ட கையோடு எழுந்தான்.

அறை வாசலிலேயே வாசனை அடித்தது. ஈரச் சுண்ணாம்பு.

குழந்தை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். “அப்பா, எனக்கு இப்பப் பயமே இல்லப்பா,” என்றாள். “இவ்ளோ பேரு இருக்காங்கல்ல.”

தரையில் வைத்த விளக்கு, எதிரே இருக்கிற எல்லாவற்றையும் சுவரில் பெரிதாக்கிக் காட்டும். அது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். கட்டில் கம்பிகளின் நிழல். முத்தமிழின் இரட்டைச் சடை நிழல். அதற்கு இரண்டு பக்கமும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, சுவர் முழுக்க ஆள் நிழல்கள். முண்டாசு கட்டிய தலைகள். ஒன்றின் தோளில் கடப்பாரை. அறையில் அவனும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள்.

குனிந்து பார்த்தான். விளக்கின் அடியில் வெள்ளைச் சேறு.

போனைப் பார்த்தான். சிவப்புக் கோடு. விளக்கின் பேட்டரி இரண்டு சதவீதம்.

சார்ஜர் வேனில். கரண்ட் இல்லை. எங்கே செருகுவான்? சுக்கான்பட்டி அரியலூருக்கு அந்தப் பக்கம். இரண்டு சதவீதத்தில் தெருமுனைகூடத் தாண்டாது.

குழந்தையைத் தூக்கினான். தூக்க முடியவில்லை. அவள் உடம்பு சில்லென்று இருந்தது. தலைமுடி நனைந்திருந்தது. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டி, எதையோ பிடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் அவள் நிழலின் இரண்டு கைகளும் பெரிய கைகளுக்குள் இருந்தன.

“கைய வுடு பாப்பா. வுட்டுரு. அப்பாகிட்ட வா.”

“அவங்க வுட மாட்டேங்குறாங்கப்பா.”

ரோஸ் மங்கியது. ஒருமுறை துடித்தது. போனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். குழந்தையை நெஞ்சோடு இறுக்கினான்.

அணைந்தது.

இருட்டு. ஈரக்கால்கள் நடக்கும் சத்தம். நிறைய கால்கள். அவன் கைக்குள் மகளின் கவுன். அப்புறம் வெறும் ஈரம். அப்புறம் ஒன்றுமில்லை.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. வாசலில் வெற்றிச்செல்வி தோசைத் தட்டோடு நின்றாள். கட்டில் காலி. விளக்கும் இல்லை. தரையில் வெள்ளைச் சேற்றுக் காலடிகள், அகலமான, பெரிய பெரிய காலடிகள், வாசலைத் தாண்டிக் கேட்வரைக்கும் போய் அங்கே முடிந்திருந்தன. அவற்றின் நடுவில் ஒரு ஜோடி சின்னக் கால்கள். இழுத்துப்போன தடம் இல்லை, நடந்துபோன தடம்.

“பாப்பா எங்கங்க?” என்றாள் அவள்.

அவன் வேனை நோக்கி ஓடினான். மனைவி தெருவில் முத்தமிழ் முத்தமிழ் என்று அலறுவது பின்னால் கேட்டுக்கொண்டே தேய்ந்தது. இப்போது வண்டியில் பாரம் இல்லை. மேட்டிலெல்லாம் பறந்தது. வழிநெடுக ஓவென்று அழுதான். திட்டுவதற்கு யாருமே கிடைக்கவில்லை.

சுக்கான்பட்டிக் கரையில் பிச்சைமுத்து உடைந்த சிம்னியோடு அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவனைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. விளக்கு இணைந்தது என்றது.

தண்ணீருக்குள் சிக்னல் போகாது. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தாண்டாது. அதுவும் அவனுக்குத் தெரியும். தீர்ந்த பேட்டரி கொஞ்சம் ஆறினால் மறுபடி சற்று நேரம் எரியும், அதுவும் தெரியும். கரை விளிம்பில் மண்டி போட்டுக் குனிந்தான். அடியாழத்தில், பனை ஆழத்துக்குக் கீழே, பச்சைத் தண்ணீருக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் எரிந்தது.

போனைத் தொட்டு ரோஸ் வைத்தான். குழி முழுக்க ரோஸாகியது.

விளக்கைச் சுற்றி வட்டமாக அவர்கள் நின்றார்கள். முண்டாசுத் தலைகள் எல்லாம் அண்ணாந்து மேலே பார்த்தன. நடுவில் ஒரு சின்னக் கவுன், தண்ணீரில் மெதுவாக விரிந்து அசைந்தது. இரட்டைச் சடை மிதந்தது. அவள் முகமும் மேலே பார்த்தது.

போனில் சிவப்புக் கோடு. ஒரு சதவீதம்.

கீழே, முத்தமிழ் ஒரு கையைத் தூக்கினாள்.