வட்டத்துக்கு வெளியே ஒரு படகு

கேப்டன் பொற்கொடி சிவப்புப் பென்சிலை எடுத்து, வரைபடத்தில் கிளித்தீவைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"இன்னிக்கு இதுக்குள்ளதான் தேடப்போறோம்," என்றார்.

பரிதி குனிந்து பார்த்தான். வட்டத்துக்கு வெளியே, கிழக்கே, வெறும் நீலம்தான். அந்த நீலத்தில் எங்கோதான் அவனுடைய அக்கா நிறைமதி இருக்கிறாள். கடலுக்கடியில் மூழ்கிய பழைய கப்பல்களை ஆராய்வது அவள் வேலை. பல நூறு ஆண்டுகளுக்கு முன் பீங்கான் பாத்திரங்களோடு மூழ்கிப்போன ஒரு வணிகக் கப்பலைத் தேடி, படகோட்டி சூசையுடன் கிளம்பியவள். கிளம்பிய மறுநாள் புயல் அடித்தது. அதற்குப் பிறகு படகிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

"வட்டத்துக்கு வெளிய இருந்தாங்கன்னா, மேடம்?"

பொற்கொடி பென்சிலைக் கீழே வைத்தார். தூத்துக்குடிக்காரர். இந்தத் தீவுகளுக்கு மேல் இருபது வருஷமாக விமானம் ஓட்டுகிறவர்.

"நம்ம விமானத்துக்கு ரெண்டு இன்ஜின். நடுக்கடல்ல ஒண்ணு நின்னுபோச்சுன்னா, இன்னொண்ணை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள ஏதாவது ஒரு ஓடுதளத்துல இறங்கிறணும். அதுதான் எங்களுக்கு விதி. புயல்ல மரம் விழுந்து, கிழக்க இருக்கற சங்குமேடு ஓடுதளத்தை மூடிட்டாங்க. மிச்சம் கிளித்தீவு ஒண்ணுதான். அதனாலதான் வட்டம் இவ்வளவு."

பெரிய தேடுதல் விமானங்களும் கப்பல்களும் புயல் நாசமாக்கிய வடக்குத் தீவுகளில் இருந்தன. கிழக்கே தேடுவதற்கு இருந்தது இந்தச் சின்ன விமானம் மட்டும்தான். மொத்தம் நான்கு பேர். பொற்கொடி, துணை விமானி ஃபிரோஸ், கடல் மீட்புக் குழுவிலிருந்து வந்த திருமேனி, பரிதி.

ஏறுவதற்கு முன் திருமேனி, பரிதியின் கழுத்தில் மஞ்சள் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டாள்.

"விமானம் தண்ணியில விழுந்தாக்கூட உள்ள இருக்கறப்ப இந்தக் கயித்தை இழுக்காதீங்க. சட்டை ஊதிக்கும். தண்ணி ஏற ஏற உங்களைத் தூக்கிக் கூரையோட ஒட்டிரும். அப்புறம் கதவுக்குக் குனிய முடியாது. வெளிய வந்துட்டு இழுங்க."

"சரி."

"நான் நாலு தடவை சொல்லிக் கேட்டும் உள்ளயே இழுத்தவங்களைப் பயிற்சியில பாத்திருக்கேன். கையைக் கயித்துக்கிட்டயே கொண்டுபோகாதீங்க."

பின்பக்கம் இரண்டு ரப்பர் தெப்பங்கள் மடித்துக் கட்டப்பட்டிருந்தன. நான்கு பேருக்கு ஒன்றே போதுமே என்று பரிதி கேட்டான். "ஒண்ணு கிழிஞ்சுட்டா?" என்றாள் திருமேனி.

விமானம் கிளம்பியது. கடல் இன்னும் புயலின் கோபம் தணியாமல் பழுப்பு நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. ஃபிரோஸ் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் பார்த்து வழி சொல்ல, பொற்கொடி தாழ்வாகப் பறந்தார். மிதக்கும் மரக்கிளைகள், கிழிந்த வலை, ஒரு தெர்மாகோல் பெட்டி. பரிதியின் கண்கள் எரிந்தன. படகு மட்டும் இல்லை.

வட்டத்தின் விளிம்பை நெருங்கியபோது திருமேனி கண்ணாடியைத் தட்டினாள்.

"இடது பக்கம். ஆரஞ்சு கலர்ல ஏதோ மிதக்குது."

பொற்கொடி விமானத்தைச் சாய்த்து இறக்கினார். அது பாதி மூழ்கி மிதந்த ஒரு டீசல் கேன். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக 'சூசை' என்று எழுதியிருந்தது.

பரிதி இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "இங்கதான் இருக்காங்க. இன்னும் கொஞ்சம் கிழக்க போங்க மேடம்."

"கேன் மேல காத்து பிடிக்காது, படகு மேல பிடிக்கும்," என்றார் ஃபிரோஸ் மெதுவாக. "படகு இதைவிடத் தூரம் போயிருக்கும். கிழக்கயேதான்."

"அப்ப போங்க. எண்ணெய் பாதிக்கு மேல இருக்கே. எனக்கே தெரியுது."

"எண்ணெய் இருந்தாப் போதாது, பரிதி. இறங்க இடம் வேணும்." பொற்கொடியின் குரல் உயரவில்லை. "கோடு இங்க முடியுது. திரும்புதேன்."

விமானம் சாய்ந்து மேற்கே திரும்பியது. பரிதி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த ஆரஞ்சுப் புள்ளி மறையும்வரை பார்த்தான்.

கிளித்தீவில் இறங்கியதும் அவன் பொற்கொடியின் முன் வந்து நின்றான்.

"உங்களுக்கு விதிதான் பெரிசு. அங்க இருக்கறது எங்கக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா திரும்பினீங்க?"

பொற்கொடி வரைபடத்தை விமானத்தின் இறக்கை மேல் விரித்தார். சங்குமேட்டின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து இன்னொரு வட்டம் போட்டார். அது முதல் வட்டத்தின் பாதியை மூடிக்கொண்டு, கிழக்கே வெகுதூரம் நீண்டது. ஃபிரோஸ் குறித்து வைத்திருந்த இடம் முழுக்க அதற்குள் வந்துவிட்டது.

"சங்குமேடு திறந்திருந்தா நான் இதுவரைக்கும் போகலாம். அந்த ஓடுதளத்துல விழுந்து கெடக்கறது மரம். மரத்தை வெட்டலாம். தீவுல ஆள் இருக்கு. போய் நின்னு வேலை வாங்க யாரும் இல்ல. மதியம் ஒரு படகு அங்க போவுது."

பரிதி அந்த இரண்டாவது வட்டத்தைப் பார்த்தான். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. பையைக்கூட எடுக்காமல் படகுத்துறைக்கு ஓடினான்.

சங்குமேட்டில் இறங்கியதும் நேரே ஓடுதளத்துக்குப் போனான். சவுக்கு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடந்தன. ஓடுதளப் பொறுப்பாளர் மரியதாஸ் தலையைச் சொறிந்தார்.

"இருக்கறது ரெண்டு மரம் அறுக்குற மெஷின்தான் தம்பி. ஆளுங்க அவங்கவங்க வீட்டுக் கூரையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

பரிதி குடியிருப்புக்குப் போனான். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னான். சூசையின் பெயரைச் சொன்ன இடத்திலெல்லாம் ஆட்கள் எழுந்து வந்தார்கள். போன மழைக்காலத்தில் இந்தத் தீவின் பிரசவப் பெண் ஒருத்தியைத் தன் படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். பெண்கள் அரிவாளோடு வந்தார்கள். ஒருவர் டிராக்டர் கொண்டுவந்தார். கூரையில்லாத வீட்டுக்காரர்களும் வந்தார்கள். மெஷின் மரத்தை அறுக்க, டிராக்டர் இழுக்க, மிச்சத்தைக் கைகள் சுமந்தன. பரிதியின் உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தான்.

பொழுது விடிந்தபோது தரை தெரிந்தது. மரியதாஸ் முழு நீளமும் நடந்து பார்த்தார். ஒரு முனையில் மண் அரித்துப் பள்ளமாகியிருந்தது. அந்த இடத்துக்கு முன்னால் எல்லை காட்ட ஊர்க்காரர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து கல் வைத்து விரித்தார்கள். பிறகு மரியதாஸ் வானொலியை எடுத்தார்.

"கிளித்தீவு, சங்குமேடு பேசுறேன். ஓடுதளம் திறந்தாச்சு. நீளம் கொஞ்சம் கம்மி. ஆனா இறங்கலாம்."

பொற்கொடி அந்தச் செய்திக்காகவே விமானத்தில் உட்கார்ந்திருந்தார். பின்கதவைக் கழற்றியாகிவிட்டது. பரிதி உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது மூன்றாவது தெப்பம் ஒன்று, தண்ணீரும் பிஸ்கட்டும் கைவானொலியும் கட்டப்பட்டு இருந்தது.

இந்த முறை சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பறந்தார்கள். ஆரஞ்சு கேனைப் பார்த்த இடம் பின்னால் போனது. ஃபிரோஸ் சொன்ன வழியில் விமானம் குறுக்கும் நெடுக்குமாகக் கடலை உழுதது. முதல் வரிசையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வரிசையில் திருமேனி திறந்த வாசலருகே கயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்தபடி கத்தினாள்.

"படகு, மேடம். படகு. ரெண்டு பேர் நிக்கிறாங்க."

பாதி நீர் நிறைந்த படகில் இரண்டு உருவங்கள் துணியை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தன. பொற்கொடி காற்றை எதிர்த்துத் தாழ்வாக வந்தார். திருமேனி தெப்பத்தைத் தள்ளினாள். அது விரிந்து விழுந்து, காற்றில் நகர்ந்து, படகின் பக்கமாகவே மிதந்துபோனது. சூசை தண்ணீரில் குதித்து அதைப் பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் ஃபிரோஸ் மூச்சுவிட்டார். படகு இருக்கும் இடத்தை வானொலியில் சொன்னார். ரோந்துக் கப்பல் ஒன்று உடனே அந்தப் பக்கம் கிளம்புவதாகப் பதில் வந்தது.

"இன்னொரு சுத்து சுத்தலாமா, மேடம்?" என்றாள் திருமேனி.

பொற்கொடி பதில் சொல்வதற்குள் ஃபிரோஸின் விரல் ஒரு முள்ளைச் சுட்டியது. வலது இன்ஜினின் ஆயில் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் ஒரு கணம் அதைப் பார்த்தார்கள். முள் நிற்கவில்லை.

"வலதை நிறுத்துறோம்," என்றார் பொற்கொடி.

"வலது. சரிபார்த்தாச்சு," என்றார் ஃபிரோஸ்.

இன்ஜின் அடங்கியது. விசிறி மெல்ல நின்று, கத்தி போல் காற்றைக் கிழித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. விமானம் வலப்பக்கமாக இழுத்தது. பொற்கொடி கால்மிதியை அழுத்திப் பிடித்து நேராக்கினார். வேகம் குறைந்தது, உயரமும் கொஞ்சம் குறைந்தது. பிறகு விமானம் நிதானப்பட்டது.

"கிளித்தீவுக்கு?" என்று கேட்டாள் திருமேனி.

"எட்டாது. மழையும் அந்தப் பக்கம்தான் கட்டிட்டு நிக்குது," என்றார் ஃபிரோஸ். "சங்குமேடு. ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாம், இன்ஷா அல்லாஹ்."

"சட்டையை இறுக்கிக்கோ, திருமேனி. தெப்பம் ரெண்டையும் வாசல்கிட்ட இழுத்து வை," என்றார் பொற்கொடி.

ஒற்றை இன்ஜினின் சத்தத்தில் சின்னதாய் ஒரு மாற்றம் கேட்டாலும் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். கீழே முடிவில்லாத கடல். பொற்கொடியின் கால் வலித்து நடுங்கத் தொடங்கியது. ஃபிரோஸும் தன் பக்கத்து மிதியில் காலை வைத்து அழுத்தினார். கடைசியில், வெள்ளை நுரைக்கு நடுவே பச்சையாக ஒரு கீற்று தெரிந்தது.

சங்குமேட்டில் பரிதி வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். விமானம் நெருங்கியபோது ஒரு பக்க விசிறி சுழலாமல் நிற்பது தெரிந்தது. இறக்கை ஒருமுறை ஆடியது, நேரானது. சக்கரம் மண்ணில் உரசி, எழும்பி, மறுபடி பதிந்தது. விமானம் ஓடியது, ஓடியது. வெள்ளை விரிப்புகளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.

பரிதி ஓடினான். பொற்கொடி இறங்கும்போது கால் மடங்கியது. அவன்தான் தாங்கிப் பிடித்தான்.

"பாத்துட்டோம்," என்றார் அவர். "ரெண்டு பேரும். நல்லா கையாட்டினாங்க."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நேத்து நான் பேசினது..."

"நேத்து நீங்க சொன்ன மாதிரி போயிருந்து, அப்ப இது நின்னிருந்தா, இப்ப ஆறு பேரைத் தேடணும். அவ்வளவுதான். கையைக் காட்டுங்க. மருந்து போடலையா?"

ரோந்துக் கப்பல் மறுநாள் சங்குமேட்டுத் துறைக்கு வந்தது. நிறைமதி சூசையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உதடு வெடித்திருந்தது, முகம் கருத்திருந்தது. தம்பியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகு, பொற்கொடியிடம் வந்தாள்.

"முந்தாநாள் நாங்க உங்க சத்தத்தைக் கேட்டோம். விமானம் கண்ணுக்குத் தெரியல, சத்தம் மட்டும். கிட்ட வந்துச்சு. அப்புறம் திரும்பிப் போயிருச்சு."

பரிதி தலையைக் குனிந்துகொண்டான். பொற்கொடி அவள் முகத்தையே பார்த்தார். "அந்த நேரம் என்ன நெனச்சீங்க?"

"எனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு தோணுச்சு. இவர்தான் விடல."

சூசை வெட்கத்தோடு சிரித்தார். "திரும்பிப் போனாத்தானம்மா மறுபடி வர முடியும்? இந்தப் பக்கம் தேடுறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மிச்சத் தண்ணியை ரெண்டு நாளைக்கு வர்ற மாதிரி பிரிச்சு வெச்சோம். ராத்திரி தூறுச்சு, அதையும் பிடிச்சுக்கிட்டோம்."

"எதுல பிடிச்சீங்க?" என்றான் பரிதி.

நிறைமதி இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளே, நீலப் பூங்கொடி வரைந்த ஒரு பீங்கான் கிண்ணம். விளிம்பில் மட்டும் சின்ன உடைசல்.

"கப்பல் கெடைச்சிருச்சுடா. மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணு எடுக்க அனுமதி இருந்துச்சு. இதுலதான் மழையைக் குடிச்சோம்."

எல்லாரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மரியதாஸ் ஓர் இளநீரை வெட்டிக்கொண்டு வந்தார். நிறைமதி அதை வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கைகளாலும் பொற்கொடியிடம் நீட்டினாள்.

"இனிமே இது அருங்காட்சியகத்துல கண்ணாடிக்குள்ள போயிரும், மேடம். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய் குடிங்க."

பொற்கொடி ஒரு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தைப் பரிதியின் கட்டுப்போட்ட கைகளில் வைத்தார்.