பந்து வந்த பக்கம்

மூன்று இருபதுக்கு நர்ஸ் தண்ணீர்ப் பாட்டிலோடு கிரிக்கெட் மைதான ஸ்டாண்டின் படியேறி வந்தாள். இருக்கைக்கு அடியில் வைத்திருந்த பையைக் காணோம்.

குனிந்து பார்த்தாள். முழங்கால் போட்டு முன்வரிசைக்கு அடியிலும் துழாவினாள். நசுங்கிய காகிதக் கப் ஒன்று கைக்கு வந்தது.

"அண்ணா, பை எங்க?"

பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணன் அப்போதுதான் குனிந்தான். "இங்கதானே வச்ச?"

"ஐயோ, அதுலதான் பாஸ்போர்ட் இருக்கு!"

அந்தக் குரலுக்கு, இரண்டு வரிசை முன்னால் இருந்தவர் திரும்பினார். கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனியில் கொடுத்த ஓசி டிக்கெட்டில் வந்திருந்தார். கிரிக்கெட்டில் யார் போடுகிறார், யார் அடிக்கிறார் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து, எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே பிழைத்த கண். அது அசந்தால் கீழே ஆள் சாவான்.

எட்டு நிமிடம் முன்பு விழுந்த விக்கெட்டையும் அப்படித்தான் பார்த்திருந்தார். ஸ்டாண்டுக்கு நேர் எதிரே, கிட்டத்தில் இருந்த நடுக்குச்சி பிடுங்கிக்கொண்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்த கீப்பரை நோக்கி உருண்டது.

மண்டையைப் பிளக்கும் வெயில். ஆட்டம் மந்தம். நாலு வரிசைக்கு ஒரு தலை. பெரிய திரை அவர்கள் தலைக்கு மேலே, கூரையின் முகப்பில். எழுந்து நின்றாலும் தெரியாது. போனில் நெட் செத்துக் கிடந்தது.

மூன்று முப்பதுக்கு மைதானத்து சூப்பர்வைசர் வந்தார். கூடவே, அந்தப் பகுதியில் குப்பை அள்ளும் அம்மாவையும் சாக்கோடு இழுத்து வந்தார்.

"பையில என்ன?"

"பாஸ்போர்ட், வேலை ஆர்டர். காலையிலதான் விசா குத்திக் குடுத்தாங்க. நாளைக்கு விடிகாலை ஃபிளைட் சார். போகலைன்னா அந்த ஆஸ்பத்திரியில வேற ஆளை எடுத்துக்குவாங்க."

"அதை எதுக்கு மேட்சுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆபீஸ்ல வாங்கிட்டு நேரா வந்தோம். போறதுக்கு முன்னாடி ஒரு நாள் சேர்ந்து இருப்போம்னு அண்ணன்தான் டிக்கெட் எடுத்தான்."

"கீழ பை வைக்கிற கவுண்டர்ல குடுத்திருக்கலாமே?"

"அங்க இருந்தவர் டிவியை விட்டுக் கண்ணையே எடுக்கல. எப்படி சார் நம்பிக் குடுக்கிறது?"

சூப்பர்வைசர் அண்ணனிடம் திரும்பினார். "நீ எங்க இருந்த?"

"இங்கதான் சார். தண்ணி பிடிக்கப் போறேன், பையைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனா. நான் எடத்தை விட்டு அசையல. இந்தம்மா குப்பை பொறுக்கிட்டு வந்தாங்க. அப்பதான் விக்கெட் விழுந்துச்சு. துள்ளி எழுந்தேன். அந்த நேரத்துலதான் சாக்குல போட்டிருக்கணும்."

"வாய் கூசலையா உனக்கு?" என்றாள் குப்பை அள்ளும் அம்மா. "நான் வரும்போது இந்த வரிசையில ஆளும் இல்ல, பையும் இல்ல."

சூப்பர்வைசர் சாக்கைப் படியில் கவிழ்த்தார். கப்புகள், தட்டுகள், பழத்தோல். பை இல்லை.

"யார்கிட்டயோ கைமாத்திட்டா. கார்டைக் கழட்டு. கிளம்பு."

கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தாள்.

மூன்று நாற்பது. கிரேன்காரர் மெல்லப் படியேறி வந்தார்.

"தம்பி, அந்த விக்கெட் எப்படி விழுந்துச்சு? நான் அசந்துட்டேன்."

"செம பந்து சார். பவுலர் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஓடினான். அந்தக் கடைசியில நடுக்குச்சி அப்படியே பறந்துச்சு."

"முதுகுல பேரு தெரிஞ்சுதா?"

"தெளிவா தெரிஞ்சுதே!"

"நீங்க பாத்தீங்களா அக்கா?" என்று குப்பை அள்ளும் அம்மாவிடம் கேட்டார்.

"எனக்கு ஏது நேரம்? சத்தம் கேட்டு நிமிந்தேன். ஒரு குச்சி நம்ம பக்கமா உருண்டு வந்துச்சு."

கிரேன்காரர் சூப்பர்வைசரைப் பார்த்தார். "அவங்க கார்டு அவங்க கழுத்துலயே இருக்கட்டும் சார். பையை எடுத்தது இவன்."

"யோவ், என்ன பேசுற?" அண்ணன் எழுந்தான்.

"உக்காருப்பா. ஒரு ஓவர் அந்தக் கடைசியில இருந்து போடுறாங்க, அடுத்த ஓவர் இந்தக் கடைசியில இருந்து. வந்ததுல இருந்து எனக்கு அது ஒண்ணுதான் புரிஞ்சுது. விக்கெட் விழுந்த ஓவர்ல பவுலர் எதிர்ப் பக்கத்துல இருந்து நம்மளைப் பாத்து ஓடி வந்தான். இங்க உக்காந்தவனுக்கு அவன் முகம்தான் தெரியும். கீப்பர் முதுகுதான் தெரியும். பவுலர் முதுகை எங்க பாத்த?"

அண்ணன் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"டிவியில பாத்தா எந்த ஓவரா இருந்தாலும் பவுலர் முதுகுதான். ஓவருக்கு ஓவர் கேமராவை மாத்திடுவாங்க. இவன் எங்கயோ டிவியில பாத்துட்டு, இங்க இருந்து பாத்தாலும் அப்படியேதான் தெரியும்னு அடிச்சு விட்டுட்டான்."

"இந்த ஸ்டாண்டுல டிவி..." என்று இழுத்த சூப்பர்வைசர் பாதியில் நிறுத்தினார். "கீழ பை கவுண்டர்ல மட்டும்தான் இருக்கு."

அண்ணனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நர்ஸ் முந்திக்கொண்டாள். அவள் விரலில் பை கவுண்டரின் தகர டோக்கன் ஒன்று வந்தது.

"பாஸ்போர்ட்டைத் தொலைக்கல. கிழிக்கவும் மனசு வரல," என்றான் அவன். "ஃபிளைட் போனதும் எடுத்துக் குடுத்திருப்பேன். நீ போயிட்டா அப்பாவை யாரு பாக்குறது? எனக்கு என்ன தெரியும்?"

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போன அப்பா. ஆறு வருடமாகப் படுக்கை.

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார். "சரி சரி. நீ போய் வேலையைப் பாரும்மா."

"பாக்குறேன் சார். கொட்டினவர் அள்ளிப் போட்டதும் பாக்குறேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

நர்ஸ் டோக்கனை உள்ளங்கையில் இறுக்கினாள். கத்துவாள் என்று அண்ணன் காத்திருந்தான். அவள் கத்தவில்லை. வார்டில் அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் ஒப்படைக்கும் குரலில் பேசினாள்.

"பக்கத்து வீட்டு அக்கா அஞ்சு மணி வரைக்கும்தான் இருப்பாங்க. நீ இப்பவே கிளம்பு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். விட்டா முதுகு புண்ணாயிடும்."

அவன் மூன்று படி இறங்கினான். நின்று திரும்பினான்.

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்தான்."