ஒன்பதாவது அமர்வு

கீழமுனையிலும் மேலமுனையிலும் இரண்டு ஆண்டுகளாக ஒரு கைகலப்புகூட இல்லை. வலையை அறுத்ததற்காக வெட்டிக்கொண்ட இரண்டு மீனவ ஊர்களும் இப்போது ஒரே கரையில் படகு ஏற்றின. அதற்குக் காரணம் தமயந்திதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மாவட்ட ஆற்றுப்படுத்துநர். மாதக்கணக்கில் பேசி ஓய்ந்த பிறகு, அரசு அனுப்பிய சினவடங்கி என்ற கருவியை ஊருக்குள் கொண்டுவந்தவள். நெற்றியில் பட்டையைக் கட்டி இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். மூளையில் கோபம் கிளம்பும் இடத்தை அது தணித்துவிடும்.

அன்று அவள் துக்கம் கேட்க வந்திருந்தாள். மேலமுனையை ஒட்டிய ஐஸ் ஆலையில் அமோனியா கசிந்து ஏழு பேர் இறந்திருந்தார்கள். அதில் ஒருத்தி சவேரியாளின் மகள் ஜெனோவா. பத்தொன்பது வயது.

சவேரியாள் பாயை விரித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. துக்கத்தைச் சினவடங்கி தொடுவதில்லை.

"முன்னாடியே வாடை வரலையா?" என்று தமயந்தி கேட்டாள்.

"நாலு மாசமா வந்துச்சும்மா. கண்ணெல்லாம் எரியும். ஆலைல போய்ச் சொன்னோம். பாக்குறோம்னாங்க. சரின்னு வந்துட்டோம்."

"மறுபடி போகலையா?"

"போனோம். அப்பவும் பாக்குறோம்னாங்க."

பழைய சவேரியாளைத் தமயந்திக்குத் தெரியும். ரேஷன் கடையில் எடை குறைந்ததற்காகத் தராசையே தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தவள்.

ஆளுக்கு மூன்று அமர்வுக்கு மேல் கூடாது என்று சினவடங்கியின் கையேட்டில் தெளிவாகவே போட்டிருந்தது. மூன்றாவதிலேயே அரிவாள்கள் வீட்டுக்குள் போய்விட்டன. ஆனால் சமாதான உடன்படிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஊர்க்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள். கையெழுத்து வாங்கிவிடும் அவசரத்தில் தமயந்தி அவர்களை ஒன்பது அமர்வு வரை உட்காரவைத்தாள். ஒன்பதாவது நாள் எல்லோரும் படித்துக்கூடப் பார்க்காமல் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்கள். அவளுக்கு விருது கொடுத்தார்கள்.

அவள் எதையும் மறைக்காமல் சவேரியாளிடம் சொன்னாள். போன கோபம் இனித் திரும்பாது என்பதையும் சொன்னாள்.

சவேரியாள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லதுக்குத்தானம்மா செஞ்சீங்க. வெட்டுக்குத்து நின்னுச்சுல்ல."

"அந்தக் கோபம் இருந்திருந்தா ஆலைய மூட வச்சிருப்பீங்க. ஜெனோவா இருந்திருப்பா."

"இருந்திருப்பா," என்று சவேரியாள் ஒத்துக்கொண்டாள். கண்ணீர் தானாக வழிந்தது.

"என்னைத் திட்டுங்கக்கா. அடிச்சாலும் வாங்கிக்கிறேன். இப்படி உக்காந்திருக்காதீங்க."

சவேரியாளுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீடு தேடி வந்தவள் கேட்டதை எப்படி இல்லையென்பது? நிமிர்ந்து உட்கார்ந்து வார்த்தையைத் தேடினாள்.

"பாவி," என்றாள் மெதுவாக. "எம் பிள்ளையக் கொன்னுட்டியே."

பிறகு தமயந்தியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "போதுமாம்மா, இன்னும் சொல்லணுமா?"