எலி சாகவில்லை!

டெலிபோன் அலறியது.

எடுத்தாள்.

"வணக்கம், கஸ்டமர் கேர். உங்களுக்கு என்ன உதவி..."

"எலி சாகல!"

ஆண் குரல். உப்புத்தாளில் தேய்த்த மாதிரி ஒரு கரகரப்பு.

"ஸாரி சார்..."

ஆபீஸில் எல்லோரும் அவளை 'ஸாரி' என்றுதான் கூப்பிடுவார்கள். போடுவது சுடிதார், பெயர் மட்டும் ஸாரி! ஆன்லைனில் கண்டதையும் விற்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. சென்ட் பாட்டிலில் வெறும் தண்ணீர் என்று ஒருத்தி அழுவாள். 'அசல் தோல்' பெல்ட் மழையில் கூழாகிவிட்டது என்று ஒருவர் கத்துவார். எல்லோருக்கும் ஒரே மருந்துதான்.

ஸாரி!

விற்பதெல்லாம் போலி என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

"எந்தப் பொருள் சார்?"

"எலி மருந்து! ரெண்டு வேளை குடுத்துப் பார்த்துட்டேன். ஜம்முன்னு நடமாடுது. டூப்ளிகேட்டை அனுப்பி ஏமாத்தறீங்களா?"

"ஸாரி சார். எதுல கலந்து வெச்சீங்க?"

"காபியில."

"எலிக்கா...?"

அவன் அவசரமாகச் செருமினான்.

"ரொட்டி! ரொட்டியிலன்னு சொன்னேன். காதுல என்ன, பஞ்சா?"

ஸாரி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஆர்டர் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது.

"இது லேடி பேர்ல இருக்கே சார்?"

"என் வொய்ஃப் அக்கவுண்ட். அதுக்கென்ன இப்ப? ஒழுங்கா ஒரிஜினலை அனுப்பு. இல்ல... கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போய் உங்க கம்பெனியை நாறடிச்சிடுவேன்!"

அப்போது பின்னணியில் ஒரு பெண் குரல்.

"என்னங்க... யாரு போன்ல?"

உப்புத்தாள் சட்டென்று தேனில் விழுந்தது.

"ஒண்ணுமில்லடா செல்லம். நீ குடி... ஆறிடப் போகுது."

டொக்!

ஸாரிக்கு நெஞ்சில் என்னவோ சுருக்கென்றது. ஆனால் பழகிய விரல் தன் வேலையைச் செய்துவிட்டது. 'மாற்றுப் பொருள் அனுப்புக' என்ற பட்டனைத் தட்டி, முதலாளியிடமும் போய்ச் சொன்னாள்.

முதலாளி பெல்ட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுன்னா சொன்னான்?"

"ஆமா சார்."

"அதை நானே பார்த்துக்கறேன். நீ போ."

மறுநாள் பகல். மறுபடி அதே குரல்!

"பார்சல் எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு சார்."

"இன்னைக்கே வந்தாகணும். நாளைக்குக் காலையில அது ஊருக்குக் கிளம்பிடும்."

"எது சார்?"

"எலி..." என்றவன் பாதியில் நின்றான்.

டொக்!

எலி ஊருக்குப் போகிறதா?

ஸாரி நேற்றைய பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். காபி... 'நீ குடி, ஆறிடப் போகுது'... மனைவியின் பெயரிலேயே வாங்கிய மருந்து! நாளைக்கு அவள் செத்துக் கிடந்தால், "ஐயோ, அவளே வாங்கிக் குடிச்சிட்டாளே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழலாம். கணக்கு அவளுடையது. யார் சந்தேகப்படுவார்கள்?

நாற்காலி பின்னால் சாய, முதலாளி அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

முதலாளி சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்!

"அட அசடே! நம்ம எலி மருந்துல என்ன இருக்குன்னு நினைச்ச? மைதா மாவும் சர்க்கரையும்! எலி கொழுத்துப் போகுமே தவிர சாகாது. அந்தம்மா நூறு வயசு இருப்பாங்க, போ."

அப்பாடா!

ஸாரி சுவரில் சாய்ந்தாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் இந்தப் போலிச் சரக்குக்காக மனசுக்குள் குமைந்தவள், முதல் தடவையாக அதற்கு நன்றி சொன்னாள்.

"நேத்து அனுப்பினதும் அதானே சார்?"

சிரிப்பு நின்றது.

ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கர் முதலாளியின் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

"சார்...?"

"அது... கோர்ட்டுன்னு மிரட்டினானே..." முதலாளி விரலிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்க்கப் பார்த்தார். "பயந்துட்டேன். கடைத்தெருவுல நல்ல மருந்தா வாங்கி அனுப்பிட்டேன்."

"ஐயோ!"

"என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவைதாம்மா யோக்கியமா வியாபாரம் பண்ணினேன்!"

ஸாரி பார்சல்காரருக்குப் போன் அடித்தாள்.

"அந்த பார்சலா? இப்பத்தான் மேடம் குடுத்தேன். வாசல்லயே காத்துக்கிட்டிருந்தாரு. ரொம்ப அவசரம் போல, கையெழுத்துக் கூடப் போடல."

ஸாரி போலீஸ் நம்பரை அழுத்தப் போனாள்.

முதலாளி பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"பைத்தியமா உனக்கு? போலீஸ் இங்க வந்தா என்னத்தைப் பார்ப்பாங்க? இந்த பெல்ட்டு, சென்ட்டு, வாட்ச்... கம்பி எண்ணணும்! நான் மட்டுமில்ல, நீயும்தான். எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்தவதானே நீ?"

சுரீரென்றது. உண்மைதானே!

ஒரு நொடி... ஒரே நொடி தயங்கினாள். தேன் தடவிய அந்தக் குரல் காதில் கேட்டது. நீ குடி...

"கையை விடுங்க சார்."

"இங்க பாரு, நான் சொல்றதைக்..."

"விடுங்கன்னு சொன்னேன்! நான் கம்பி எண்ணிக்கறேன். அந்தம்மா உயிரோட இருக்கட்டும்."

உதறிவிட்டு வெளியே ஓடினாள். படிக்கட்டில் இறங்கிக்கொண்டே போலீசுக்கு விலாசத்தைச் சொன்னாள். பிறகு ஆர்டரில் இருந்த அந்தப் பெண்ணின் நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது.

அடித்தது...

"ஹலோ?" பெண் குரல்! உயிரோடு இருக்கிறாள்!

"மேடம், நீங்க தனியா இருக்கீங்களா?"

"இல்லையே, அவர் உள்ள இருக்கார். நீங்க யாரு?" குரலில் சந்தேகம் ஏறியது. "ஓ... நீதானா அது? அவர் மொட்டை மாடிக்குப் போய் ரகசியமா போன் பேசறப்பவே நினைச்சேன். எவ்ளோ தைரியமிருந்தா எனக்கே போன் பண்ணுவ?"

"ஐயோ மேடம், நான் அவ இல்ல! எலி மருந்துக் கம்பெனி! உங்க வீட்டுக்காரர் குடுக்கற காபியைக் குடிக்காதீங்க! அதுல விஷம் இருக்கு!"

மிக மெல்லிய குரல்.

"இப்பத்தான்... குடிச்சு முடிச்சேன்..."

'வீல்' என்று ஓர் அலறல். கோப்பை உடையும் சத்தம். தடால்!

இணைப்பு அறுந்தது.

ஆஸ்பத்திரி.

ஆம்புலன்ஸில் கொண்டுவந்த அந்தப் பெண் உள்ளே இருக்க, எமர்ஜென்ஸி அறையின் கதவு மூடியிருந்தது. வெளியே பெஞ்சில் கணவன். ஒல்லியாக, படிய வாரிய தலையோடு, எறும்பைக்கூட நசுக்காதவன் போல இருந்தான். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கைக்குட்டை மட்டும் நனையவில்லை!

இன்ஸ்பெக்டர் அம்மாள் அவன் எதிரில் நின்றார். கனத்த உடம்பு, சின்னக் கண்கள். அவருக்குப் பின்னால் ஸாரி. அவளுக்குப் பின்னால், ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட முதலாளி.

"அழாதீங்க. என்ன நடந்துச்சு?"

"என்னத்தைச் சொல்வேன் மேடம்! ரெண்டு பேருக்கும் சின்னச் சண்டை. கோவிச்சுக்கிட்டு நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறதா இருந்தா. அதுக்குள்ள அவசரப்பட்டு எலி மருந்தை வாங்கிக் குடிச்சுட்டாளே!"

"எலி மருந்தா?"

"ஆமா மேடம்."

"டாக்டரே இன்னும் என்னன்னு சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"அது... டப்பா... டப்பாவைப் பார்த்தேன்."

"எங்க?"

"மேஜை மேல."

"அப்படியா?" இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். கான்ஸ்டபிள் ஒரு சின்ன டப்பாவை அதில் வைத்தார். "இது உங்க சட்டைப் பைக்குள்ளதானே இருந்துச்சு? இப்ப, எங்க ஜீப்பைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வாசல்ல குப்பைத் தொட்டியில போட்டீங்களே! என் ஆள் பார்த்துட்டு எடுத்துட்டு வந்தார்."

கணவன் ஸாரியைப் பார்த்தான். ஸாரி வாயைத் திறந்தாள்.

"எலி ஊருக்குக் கிளம்பிடுச்சா சார்?"

குரலை அடையாளம் கண்டுகொண்டான். ஒல்லி உடம்பு அப்படியே பெஞ்சில் சரிந்தது.

"வீடு அவ பேர்ல இருக்கு..." பழைய உப்புத்தாள் குரல் வெளியே வந்தது. "ஊர்லேருந்து திரும்பி வர்றதுக்குள்ள என்னை வெளியே போகச் சொன்னா. நான் எங்க போவேன்? அதான்... வேற வழி தெரியல..."

கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார்.

கதவு திறந்தது. டாக்டர்!

ஸாரி அவர் முகத்தையே பார்த்தாள். செய்தி நல்லதா, கெட்டதா... ஒன்றும் புரியவில்லை.

"டாக்டர்... அவங்க...?"

"எழுந்து உக்காந்து, புருஷன் எங்கன்னு கேட்கறாங்க. கையில செருப்பு வெச்சிருக்காங்க!"

"என்னது!"

"விஷமெல்லாம் ஒண்ணுமில்ல. போன்ல யாரோ சொன்னதைக் கேட்டு பயத்துல மயக்கம். அவ்ளோதான். டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டோம். மைதா மாவும் சர்க்கரையும்!"

ஸாரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது.

"கல்யாணமான நாள்லேருந்து சுடுதண்ணி கூட வெச்சுக் குடுக்காத மனுஷன் தினமும் காபி போட்டுக் குடுத்தப்பவே எனக்கு சந்தேகம்! எவளோ ஒருத்தி இருக்கான்னு நினைச்சேனே தவிர, இப்படி நினைக்கலையே!"

"இருக்காது!"

கத்தியது முதலாளி.

"இருக்கவே இருக்காது டாக்டர்! நல்லாப் பாருங்க! அது அசல் மருந்து. பெரிய கடையில, கை நிறையப் பணம் குடுத்து வாங்கினேன்!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். சின்னக் கண்கள் இன்னும் சின்னதாயின.

"அசல்னு நிச்சயமா தெரியுமா?"

"சத்தியமா மேடம்!"

"அப்ப இதைப் பாருங்க."

டப்பாவை நீட்டினார். முதலாளி வாங்கினார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அட்டையில் ஓர் எலி படம். அந்த எலிக்கு வால் இல்லை.

முதலாளியின் விரல் வால் இருக்க வேண்டிய இடத்தைத் தடவியது.

"என்ன?"

"வால்... வால் விட்டுப் போச்சு மேடம். அவசரமா அச்சடிச்சதுல..."

"யார் அச்சடிச்சது?"

"நா... நான்தான்."

"உங்க சரக்கையே கடையில காசு குடுத்து வாங்கினீங்களா?"

"நாலஞ்சு கை மாறிப் போகுது மேடம். எந்தக் கடைக்குப் போகுதுன்னு எனக்கே தெரியாது. பார்க்க அப்படியே அசல் மாதிரி இருந்துச்சு... நம்பிட்டேன்!"

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஸாரியைக் கை கொடுத்து எழுப்பிவிட்டார்.

"உன்னையும் விசாரிக்கணும்மா. அந்தக் கம்பெனியில என்னென்ன வித்தீங்க, எல்லாம் சொல்லணும்."

"சொல்றேன் மேடம். ஒண்ணு விடாம சொல்றேன்."

சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு லேசானது.

ஜீப்பின் பின்சீட்டில் கணவனையும் முதலாளியையும் அருகருகே உட்கார வைத்தார்கள். கணவன் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தான். ஆத்திரம் தாங்கவில்லை.

"ரெண்டு தடவையும் டூப்ளிகேட்டாய்யா? நீயெல்லாம் ஒரு மனுஷனா? என் பணத்தைத் திருப்பிக் குடு!"

"நானே ஏமாந்து போய் உக்காந்திருக்கேன்! என் பணத்தை யாருய்யா குடுப்பா?"

இன்ஸ்பெக்டர் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கவலைப்படாதீங்க. எங்க லாக்கப் சுத்த ஒரிஜினல்... ஆனா ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் ரெண்டும் கிடையாது!"