கலஹா மண்ணும் அலுமாரிச் சாவியும்

1987, ஒரு திங்கள். காலை 8.40. பேராதனைக்கு அருகே ஓர் ஆய்வுகூடம். கலஹாத் தேயிலை மண் போட்ட ஐந்து குடுவைகளில், பூச்சிமருந்தில் பாதியைக் காணவில்லை.

மண் எவ்வளவு மருந்தைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீரை மாற்றினால் எவ்வளவை விடுகிறது என்று அளப்பதுதான் அங்கே வேலை. மண்ணிலுள்ள கிருமிகள் மருந்தைத் தின்றுவிடாதபடி தண்ணீரில் அசைட் என்ற நஞ்சைக் கலப்பார்கள். பிடித்ததையும் விட்டதையும் கூட்டினால் போட்ட அளவு வர வேண்டும். வரவில்லை.

ஆய்வை நடத்திய கலாநிதி டக்ளஸ் யோசிக்கக்கூட இல்லை. நடைகூடத்தில் எல்லார் முன்னாலும் களஞ்சியப் பொறுப்பாளர் மூக்கையாவைக் கள்ளன் என்றார். மருந்தும் அசைட்டும் நச்சு அலுமாரியில். சாவி மூக்கையாவிடம் மட்டும். பதினெட்டு வருட வேலை டக்ளஸ் எழுதிய ஒரே கடிதத்தில் போகவிருந்தது.

9.15. விசாரிக்கப் பணிப்பாளர் அனுப்பியவர் பகுப்பாய்வாளர் றலியா. அவசரப்படமாட்டார், ஆனால் பிடித்தால் விடமாட்டார்.

“சாவி எப்பவும் ஒங்கக்கிட்டயா, மூக்கையா அண்ணே?”

“ஆமாங்க மிஸ். இடுப்புலயே இருக்கும். புதன்கிழமை பௌர்ணமி போயா லீவுக்கு கலஹா வீட்டுக்குப் போனப்பவும் கொண்டுபோனேன்.”

“பாத்தீங்களா!” என்றார் டக்ளஸ். “மருந்த வித்துட்டு, போத்தல்ல தண்ணி கலந்திருக்கான்.”

ஒப்பிட்டுப் பார்க்க மண் போடாமல் வைத்திருந்த ஆறாவது குடுவையை றலியா காட்டினார். “இதுவும் அதே போத்தல் மருந்துதானே? இதுல கொறையவே இல்ல. அப்ப போத்தல்ல யாரும் தண்ணி கலக்கல.”

றலியா அந்தக் குடுவையைக் கையில் எடுத்தபடி டக்ளஸிடம் திரும்பினார்.

“மண் குடுவைகள்ல தண்ணி மாத்தினது யாரு?”

“நான்தான். போயா அன்னைக்கு. வாச்சர் ஆய்வுகூடக் கதவத் திறந்துவிட்டாரு.”

“புதுத் தண்ணியில அசைட் போட்டீங்களா?”

“முதல்ல மூக்கையா போட்டது இருக்குமே.”

“அத பழைய தண்ணியோட வெளிய ஊத்திட்டீங்க, சார். ஒவ்வொரு தடவையும் புதுசாப் போடணும். அன்னைக்கு நீங்க போட்டிருக்கவும் முடியாது. சாவி கலஹாவுல.” றலியா குடுவையைக் கீழே வைத்தார். “மண்ணுல இருந்த கிருமிங்க அஞ்சு நாளா மருந்தத் தின்னிருக்கு. கள்ளன்னு யாருமில்ல. பிழை ஒங்களோடது.”

மூக்கையாவை மாட்டிவிட்ட சாவியே அவரைக் காப்பாற்றியது. றலியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

10.05. டக்ளஸ் கடிதத்தைக் கிழிக்கப் போனார்.

“கிழிக்கிறது இருக்கட்டும் சார்,” என்றார் மூக்கையா. “கள்ளன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இல்லேன்னும் அங்கேயே சொல்லுங்க.”

நடைகூடத்தில் ஆட்கள் கூடினார்கள். “மூக்கையா திருடல. பிழை என்னோடது,” என்றார் டக்ளஸ்.

பின்னால் நின்ற இருவருக்குக் கேட்கவில்லை. மூக்கையா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.